ஏஆர்-15க்கு எந்த ஸ்லிங்? முதலில் மூன்று மீட்டர் கயிறு வாங்குங்கள்

வந்த கேள்வி இதுதான். கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார், கிரீன் கார்டு உண்டு. போன மாதம் முதல்முறையாக ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கியிருக்கிறார்: 16 அங்குலக் குழல், எம்-லாக் ஹேண்ட்கார்ட் (குழலைச் சுற்றிக் கைபிடிக்கும் உறை, சாமான் மாட்டத் துளைகள் உண்டு), நீட்டிக் குறைக்கும் பட் (தோளில் வைக்கும் பின்பகுதி). ரேஞ்சில் சுடுவதற்கும், தெரிந்தவர் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்கும்தான் அது. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க ஸ்லிங், அதாவது துப்பாக்கியை உடம்பில் தொங்கவிடும் வார், தொங்குகிறது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. 15 டாலரிலிருந்து 120 டாலர் வரை. எல்லாவற்றிலும் ‘டாக்டிகல்’ என்று எழுதியிருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் அறைத்தோழரும் கூட வருவாராம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் அங்குல அகலம், நடையிலேயே இழுத்து நீளம் மாற்றக்கூடிய இரண்டு புள்ளி ஸ்லிங், அதாவது துப்பாக்கியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடத்தில் மாட்டுவது. 50 முதல் 70 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். ஆனால் எந்த ஸ்லிங் என்பதைவிட அதன் இரண்டு முனைகளையும் துப்பாக்கியில் எங்கே மாட்டுகிறீர்கள் என்பதுதான் உங்களுக்குச் சுகத்தையோ தொல்லையையோ தரப்போகிறது. கடைச்சுவரில் அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்காது.

‘டாக்டிகல்’ என்ற சொல்லைக் கண்டுகொள்ளாதீர்கள். கறுப்பு நிறம், நாலு பக்கிள், இருபது டாலர் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு உருப்படியான பொருள் ஒன்று உண்டென்றால், துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு நடப்பதற்கு மட்டுமில்லாமல், மார்புக்கு முன்னால் தொங்கவிட்டு, இரண்டு கையையும் விட்டு வேறு வேலை பார்த்து, மறுபடி உடனே தோளுக்குக் கொண்டுவர முடிகிற ஸ்லிங் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வேட்டைத் துப்பாக்கியின் வாரில் இது முடியாது. அது தோளில் தொங்கும், எடுக்க வேண்டுமென்றால் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

நான் முதன்முதலில் ஸ்லிங்கைத் தொட்டது திருச்சியில், கல்லூரி என்சிசியில். டிரில்லுக்குக் கொடுத்த .303 ரைஃபிளில் இரண்டு நுனியிலும் பித்தளை வைத்த கான்வாஸ் வார் இருக்கும். அதை முறுக்கேற இழுத்துக் கட்டியிருப்போம். சல்யூட் அடிக்கும்போது உள்ளங்கையால் தட்டினால் ‘பட்’டென்று சத்தம் வர வேண்டும், இல்லாவிட்டால் ஹவில்தார் முறைப்பார். மூன்று வருடத்தில் அந்த வார் எதற்கு என்று எவரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சத்தம் போடுவதற்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் குழப்பம் எனக்குப் புதிதில்லை.

சரி, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஹார்ட்வேர் கடையில் பாராகார்ட் கயிறு மூன்று மீட்டர் வாங்குங்கள். வீட்டில், மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பரை (தோட்டா போய் உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பாருங்கள். தோட்டா இருக்கும் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். இப்போது கயிற்றின் ஒரு நுனியைப் பட்டில் வார் கோக்கும் ஓட்டையில் கட்டுங்கள், இன்னொரு நுனியை ஹேண்ட்கார்டைச் சுற்றிக் கட்டுங்கள். தலையையும் இடது கையையும் கயிற்றுக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள் (வலக்கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன்). கயிறு வலது தோளிலிருந்து முதுகில் குறுக்கே இறங்கி, இடது அக்குள் வழியாக முன்னால் வர வேண்டும்.

அப்படியே கால்மணி நேரம் வீட்டில் நடங்கள். ஷூ லேஸ் கட்டுங்கள், கதவைத் திறங்கள், 20 பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கி வையுங்கள், முழங்காலிட்டு எழுந்திருங்கள். ஒவ்வொரு தடவையும் குழல் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். பிறகு முன்முடிச்சை மட்டும் ஒரு சாண் பின்னால் நகர்த்தி மறுபடி நடந்து பாருங்கள். துப்பாக்கி வேறு துப்பாக்கி மாதிரி தொங்கும். அதே கயிறு, அதே உடம்பு. கயிறு கழுத்தை அறுக்கிற இடத்தில் பட்டை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கால்மணி நேரத்தில் தெரிகிற விஷயம் பத்து வீடியோ பார்த்தாலும் தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இனி அந்த மூன்று வகை.

ஒரு புள்ளி ஸ்லிங் என்பது உடம்பைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஒரு கொக்கி, அது பட்டுக்கு முன்னால், ரிசீவர் எனும் நடு உடலின் பின்முனையில் மாட்டும். கடையில் போட்டுப் பார்த்தால் இதைவிடச் சுகம் எதுவும் இல்லை. எந்தப் பக்கமும் திருப்பலாம், வலது தோளிலிருந்து இடது தோளுக்கு ஒரு நொடியில் மாற்றலாம். நானும் அதில் மயங்கித்தான் முதல் ஸ்லிங்காக அதையே வாங்கினேன், அதுவும் உள்ளே எலாஸ்டிக் வைத்தது. முதல் நாள் ரேஞ்சில் சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து தொங்கவிட்டுக்கொண்டு, கீழே சிதறிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கக் குனிந்தேன். நாலு கிலோ ரைஃபிள் எலாஸ்டிக்கில் ஆடி வந்து முழங்காலில் ஒரு இடி, திரும்பி வந்து சொல்லக்கூடாத இடத்தில் இன்னொரு இடி. பக்கத்து லேனில் இருந்த தாத்தா சிரிக்கவில்லை. “எல்லாரும் ஒரு தடவை அதை வாங்குவார்கள்” என்றார்.

இடிபடுவது சின்ன விஷயம். முழங்காலிட்டால் குழல்வாய் நேராகத் தரையில் போய்க் குத்தும். குழலுக்குள் மண்ணோ சேறோ அடைத்த துப்பாக்கியைச் சுட்டால் குழல் பிளக்கலாம். ஓடினால் துப்பாக்கி உடம்பைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு புள்ளிக்கு நியாயமான இடம் உண்டு: மிகக் குட்டையான துப்பாக்கி, காரில் உட்கார்ந்து இறங்குகிற வேலை, கைவிட்டு நடக்க வேண்டியிராத ஆட்கள். 16 அங்குலக் குழலோடு பண்ணையில் நடக்கிற உங்களுக்கு அது வேண்டாம்.

மூன்று புள்ளி ஸ்லிங் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பிரபலம். துப்பாக்கியின் முன்னிலிருந்து பின்னுக்கு ஒரு பட்டை, அதில் ஓடுகிற வளையத்திலிருந்து உடம்புக்கு இன்னொரு பட்டை. யோசனை நல்ல யோசனைதான், கையை விட்டாலும் துப்பாக்கி மார்போடு ஒட்டி நிற்கும். ஆனால் அந்த நீளப் பட்டை ஏஆரின் இடப்பக்கம் போனால் போல்ட்டை விடுவிக்கும் பொத்தானுக்கு மேலே போகும், வலப்பக்கம் போனால் கூடு வெளியே வரும் வாயில் சிக்கும். போட்டுக்கொள்வதற்குள் பைக்குள் கிடந்த இயர்போன் வயரைப் பிரிக்கிற பொறுமை வேண்டும். நல்ல இரண்டு புள்ளி ஸ்லிங்குகள் வந்தபிறகு பெரும்பாலானோர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். நீங்களும் கடந்து போங்கள்.

இரண்டு புள்ளி ஸ்லிங் புதிது ஒன்றும் இல்லை. பட்டில் ஒரு முனை, முன்னால் ஒரு முனை, உலகத்துப் பட்டாளத்து வார் எல்லாம் இதுதான். மாறியது நடுவில் வைத்த ஒரு சின்ன ஓட்டம். ஒரு நாக்கையோ ஓடும் பக்கிளையோ இழுத்தால் ஸ்லிங் ஒரு அடி வரை தளரும், வேறு பக்கம் இழுத்தால் இறுகும். நடக்கும்போது இறுக்கி மார்போடு ஒட்டவைக்கிறீர்கள். சுட வேண்டும் என்றால் இடது கையாலேயே ஒரு இழுப்பில் தளர்த்தித் துப்பாக்கியின் பட் பகுதியைத் தோளுக்குக் கொண்டுவருகிறீர்கள். வேலை முடிந்ததும் மறுபடி இறுக்கி, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் கேட்டைத் திறக்கிறீர்கள். இந்த மூன்று நீளமும் கழற்றாமல், பார்க்காமல் கிடைத்தால் அதுதான் உங்கள் ஸ்லிங்.

ஒரு முனையைக் கழற்றிப் பின்பக்கமே மாட்டி ஒரு புள்ளியாக மாற்றிக்கொள்கிற வகையும் உண்டு. மேக்புல் நிறுவனத்தின் எம்எஸ்4 அப்படிப்பட்டது. நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வாங்கியவர்கள் முதல் வாரத்துக்குப் பிறகு அந்த வசதியைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

இப்போது மாட்டும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

பின்முனைக்கு உங்களிடம் இரண்டு வழி. ஒன்று ரிசீவரின் பின்னால் இருக்கும் தகடு, மற்றது பட்டின் பின்பகுதி. தகட்டில் மாட்டினால் தோள் மாற்றுவது சுலபம், ஆனால் துப்பாக்கி தொங்கும்போது பட் முகவாய்க்கு ஏறி வந்து நிற்கும். பட்டில் மாட்டினால் துப்பாக்கி உடம்போடு நீளவாக்கில் ஒட்டித் தொங்கும். நான் சொல்வது பட். ஏனென்றால் நீங்கள் சுடுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம் பத்து மடங்கு. உங்கள் பட்டில் வார் கோக்கும் ஓட்டை இருந்தால் அதில் பட்டையை நேராகக் கோத்துவிடலாம், ஒரு சென்ட் செலவில்லை. தகட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை: அதைப் பிடித்திருக்கும் வட்ட நட்டை மறுபடி இறுக்கி, தகட்டின் உலோகத்தை நட்டின் காடிக்குள் உளியால் தட்டிவிட வேண்டும். தட்டாத நட்டு தளரும், பின்னால் பட்டே ஆட்டம் காணும்.

முன்முனைக்கு எம்-லாக் துளைகள் வரிசையாக இருப்பதால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம், அதனால் தப்புச் செய்யவும் இடம் அதிகம். ஹேண்ட்கார்டின் கடைசி நுனியில் மாட்டினால் கையை விட்டாலும் குழல் அடங்கி நிற்கும், சுடும்போது வாரை இறுக்கித் தாங்கலாகவும் பயன்படுத்தலாம். ரிசீவருக்குப் பக்கத்தில் மாட்டினால் துப்பாக்கியைத் திருப்ப வசதி, ஆனால் முன்பாரம் கீழே சாயும். நான் நடுவைத் தாண்டி, நுனியிலிருந்து நாலைந்து அங்குலம் உள்ளே, இடப்பக்கம் வைத்திருக்கிறேன். ஏன் அந்த இடம்? என் இடது கை துப்பாக்கியைப் பிடிக்கும் இடத்துக்கு அது சற்றே முன்னால் இருக்கிறது, பட்டை கட்டைவிரலில் உரசுவதில்லை, டார்ச் சுவிட்சையும் மறைப்பதில்லை. உங்கள் கை என் கையைவிட நீளமாக இருக்கலாம். கயிற்றைக் கட்டிப் பார்த்த இடம்தான் உங்களுக்குச் சரியான இடம். எம்-லாக் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுங்கள்.

நுனியில் மாட்டாததற்கு இன்னொரு காரணம் சூடு. மேகசின் இரண்டு மூன்று தொடர்ந்து சுட்டால் குழலும் முன்பகுதியும் தொடமுடியாமல் கொதிக்கும். டெக்சஸில் பன்றி வேட்டைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டியிருப்பார்கள், அது இன்னும் மோசம். நைலான் பட்டை அதில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்லிங்கில் தொங்குகிற சூடான குழல் உங்கள் தொடையில் பட்டாலும் அதே கதைதான். அரைக்கால் சட்டை போட்டு வந்த ஒருவரின் தொடையில் ரூபாய் அளவு தழும்பு இருக்கிறது, என் நண்பர்தான்.

மாட்டும் கொக்கி எது என்று அடுத்த கேள்வி. இப்போது எங்கும் புழங்குவது கியூடி எனும் பொத்தான் வகை. ஒரு சின்ன உருளை, அதன் பக்கத்தில் நாலு குட்டி எஃகு உருண்டைகள். பொத்தானை அழுத்தினால் உருண்டைகள் உள்ளே போக வழி கிடைக்கும், துப்பாக்கியில் இருக்கும் குழிக்குள் நுழைத்துப் பொத்தானை விட்டால் உருண்டைகள் வெளியே தள்ளிக் குழியின் உள்விளிம்பில் பூட்டிக்கொள்ளும். நன்றாகச் செய்த கியூடி பல வருடம் உழைக்கும். மோசமாகச் செய்தது என்ன செய்யும் என்று சொல்கிறேன்.

ஸ்லிங்குக்கு 60 டாலர் கொடுத்தவன் நான், கொக்கியில் மிச்சம் பிடிக்கலாம் என்று இணையத்தில் இரண்டு கியூடி ஒன்பது டாலருக்கு வாங்கினேன். பெயரே இல்லாத சரக்கு. ஒரு சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கி வேட்டை மேடைக்கு நடந்துகொண்டிருந்தேன், துப்பாக்கி மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது, சேம்பர் காலி. முள்மரக் கிளை ஒன்று பட்டின் மேல் இடித்தது. ஒரு ‘டிக்’ சத்தம், பின்முனை கழன்றது. பட் கீழே விழுந்து காலில் அடித்தது, முன்முனை மட்டும் பிடித்திருந்ததால் குழல் மேலே ஏறி நேராக என் தாடைக்குக் கீழே வந்து நின்றது. சேம்பர் காலி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நாலு உருண்டையில் ஒன்று உள்ளேயே சிக்கிக்கிடந்தது, மற்றொன்று பாதிதான் வெளியே வந்திருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். கொக்கியை மாட்டியதும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்து, இழுத்தபடியே திருகிப் பார்ப்பேன். மாதம் ஒருமுறை உருண்டைகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். இரண்டும் சேர்த்து அரை நிமிட வேலை. கொக்கியே வேண்டாம் என்பவர்கள் பட்டையை நேராகக் கோத்துத் தைத்தோ பக்கிள் போட்டோ விடுவார்கள். பின்முனைக்கு நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். கழற்றும் கொக்கி முன்னால் மட்டும்.

கியூடி குழியில் இன்னொன்றும் பாருங்கள். சில குழிகளில் கொக்கி முழு வட்டம் சுற்றும், சிலவற்றில் காடி வெட்டி வட்டத்தைத் தடுத்திருப்பார்கள். சுற்றவிட்டால் ஸ்லிங் முறுக்கிக்கொண்டு ஜடை பின்னிய மாதிரி ஆகிவிடும். தடுத்த குழியே நல்லது. எச்கே பாணி என்று சொல்கிற உலோகக் கொக்கியும் உறுதியானது, ஆனால் நடக்கும்போது ‘கிளிங் கிளிங்’ என்று சத்தம் வரும். ரேஞ்சில் பரவாயில்லை. பன்றிக்குக் கண் மந்தம், ஆனால் மூக்கும் காதும் கூர்மை. உலோகச் சத்தத்துக்கு நாலு பக்கமும் சிதறி ஓடிவிடும். கொக்கிமேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் சத்தம் அடங்கும்.

பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றேகால் அங்குலம் போதும். ஸ்கோப், டார்ச், 30 தோட்டா எல்லாம் சேர்ந்தால் துப்பாக்கி நாலு கிலோவை ஒட்டி வரும். இரவு வேட்டைக்குத் தெர்மல் ஸ்கோப் (சூட்டைப் படமாகக் காட்டுவது) வைத்தால் இன்னும் முக்கால் கிலோ கூடலாம், அப்போது தோளில் இரண்டு அங்குல மெத்தை இருப்பது நல்லது. மெத்தை நீளமாக இருந்தால் பட்டை ஓடுவதற்கு இடம் குறையும், அதைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். நைலான் நனைந்தால் சற்று நீளும், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. எலாஸ்டிக் வைத்த எதையும் வாங்காதீர்கள், கதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மடித்துத் தைத்த இடங்களில் தையல் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய ஆட்கள் கேட்பார்கள், வாரைச் சுடுவதற்குப் பயன்படுத்துவதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று. அவர்கள் கேட்பது நியாயம். அமெரிக்க ராணுவத்தின் எம்1907 தோல் வார் முதல் உலகப் போரின் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளிலும் அப்புறம் எம்1 கேரண்ட் ரைஃபிளிலும் இருந்தது. அதில் சுமப்பதற்குச் சமமாகச் சுடுவதற்கும் ஏற்பாடு உண்டு. பித்தளைக் கொக்கிகளைக் கழற்றி ஒரு வளையம் செய்து, இடது மேற்கையில் அக்குளுக்கு அருகே போட்டு இறுக்குவார்கள். குப்புறப் படுத்து முழங்கையைத் தரையில் ஊன்றினால், கை, வார், துப்பாக்கி மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகப் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கியைத் தசை தாங்காது, எலும்பும் தோல்வாரும் தாங்கும். ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் போட்டிகளில் இன்றும் 300, 600 கெஜத்துக்கு இப்படித்தான் சுடுகிறார்கள். வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் மேற்கை நாடித்துடிப்பு வார் வழியாக ஏறி, ஸ்கோப்பில் குறி ‘டக் டக்’ என்று துள்ளுவது தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது, இலக்குத்தாளைப் பார்த்தபோது வேடிக்கை போய்விட்டது.

இன்றைய இழுப்பு ஸ்லிங்கில் அந்த வளையம் கட்ட வராது. ஆனால் அதன் சுருக்கமான வடிவம் வரும்: வாரைத் தளர்த்தி, இடது கையை அதற்குள் விட்டு வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி, கையை முன்னால் வைத்து அழுத்துங்கள். முட்டியிட்டோ நின்றோ சுடும்போது நடுக்கம் கண்முன்னே குறைவதைப் பார்ப்பீர்கள். இதை முறையாகக் கற்க வேண்டுமென்றால் ஆப்பிள்சீட் என்ற இரண்டு நாள் பயிற்சி பல மாநிலங்களில் நடக்கிறது. 25 மீட்டரிலேயே சின்னதாக வரைந்த இலக்குகளை வைத்து 400 கெஜம் வரைக்கும் பழக்குவார்கள், நடுநடுவே 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியதைக் கதையாகச் சொல்வார்கள். அங்கே பத்துப் பதினைந்து டாலர் பழைய ராணுவக் கான்வாஸ் வாரே போதும். 120 டாலர் ஸ்லிங்கோடு வந்தவரை அந்தக் கான்வாஸ் வார்க்காரர்கள் சுட்டு மிஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாரை இறுக்கிச் சுடும்போது குறி நகரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏஆர்-15இன் ராணுவ வடிவமான பழைய எம்16களில் அது உண்மை. முன் வளையம் குழலோடு ஒட்டிய முன்குறியில் இருந்ததால் வாரை இழுத்தால் குழலே இழுபடும், 200 கெஜத்தில் அங்குலக் கணக்கில் தோட்டா தள்ளிப் போகும். உங்கள் ஹேண்ட்கார்ட் குழலைத் தொடாமல் நிற்கும் வகை என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. குழலைத் தொடும் பிளாஸ்டிக் கார்ட் என்றால் மட்டும், வாரோடு ஒரு தடவை, வார் இல்லாமல் ஒரு தடவை ஐந்தைந்து சுட்டுத் தாளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பண்ணை விஷயம் இரண்டு. முள்கம்பி வேலி வந்தால் ஸ்லிங்கில் போட்டபடியே தாண்டாதீர்கள். காலி செய்து, குழல் உங்களைப் பார்க்காதபடி வேலிக்கு அடியில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நீங்கள் வேறு இடத்தில் தாண்டிப் போய் எடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் டெக்சஸில் வேட்டையாட எடுக்க வேண்டிய வகுப்பில் இதைச் சொல்லித்தருவார்கள். இரண்டாவது, மெஸ்கீட் முள்காட்டில் தொங்கும் பட்டை நுனி ஒவ்வொன்றும் ஒரு தூண்டில். மிச்ச வாலைச் சுருட்டி ரப்பர் பட்டையில் அடக்குங்கள்.

அறைத்தோழர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஸ்லிங்கைவிட அது முக்கியம். எச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. உங்கள் துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்குவதுகூட ‘வைத்திருப்பது’ ஆகலாம். விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் வேட்டை உரிமமே தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டுப் பலர் உரிமம் எடுக்காமல் விடுகிறார்கள். பன்றிக்குத் தேவையில்லை, உங்கள் நண்பருக்குத் தேவை. டெக்சஸ் உரிமம் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துபோகும் என்பதையும் சொல்லிவையுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள், கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இதில் விளையாடக் கூடாது.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். புளூ ஃபோர்ஸ் கியரின் விக்கர்ஸ் ஸ்லிங், மேக்புல்லின் எம்எஸ்1, வைக்கிங் டாக்டிக்ஸின் ஸ்லிங், ஃபெரோ கான்செப்ட்ஸின் ஸ்லிங்ஸ்டர். நாலில் எதை வாங்கினாலும் தப்பில்லை. எம்எஸ்1இல் தொங்கும் நாக்கு கிடையாது, பக்கிளே ஓடும், எதிலும் சிக்காது. ஆனால் கையுறையோடு தேடிப் பிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். விக்கர்ஸில் இழுக்கும் நாக்கு கைக்கு உடனே கிடைக்கும். நான் வைத்திருப்பது விக்கர்ஸ், ஒன்பது வருடமாக. நிறம் மட்டும் அசிங்கமாக வெளுத்துவிட்டது.

வாங்கி வந்ததும் நீளத்தை இப்படி வையுங்கள். முழுக்கத் தளர்த்திய நிலையில், நீங்கள் வழக்கமாகப் போடுகிற மேல்சட்டையோடு, பட் பகுதியைத் தோளுக்கு வைத்துக் குறிபார்க்க முடிய வேண்டும், வார் தடுக்கக் கூடாது. இடது தோளுக்கு மாற்ற வேண்டுமென்றால் இடது கையை வாரிலிருந்து உருவி வெளியே எடுத்து, வார் கழுத்தில் மட்டும் நிற்கும்படி செய்துவிட்டு மாற்றுங்கள், கழுத்து இறுகக் கூடாது. முழுக்க இறுக்கிய நிலையில், குனிந்து ஷூ லேஸ் கட்டினால் துப்பாக்கி ஆடாமல் உடம்போடு இருக்க வேண்டும். ஜனவரி ஜாக்கெட்டோடு ஒருதரம், ஜூலை டீஷர்ட்டோடு ஒருதரம் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது வித்தியாசம் வரும். பிடித்த நீளத்தில் பட்டையின் மேல் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. துவைத்தாலோ யாராவது எடுத்துப் போட்டுப் பார்த்தாலோ பக்கிள் நகரும், கோடு இருந்தால் மறுபடி தேட வேண்டாம். உங்கள் ரேஞ்சில் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நிற்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் மேசையில் வைத்து எடுக்க மட்டும்தான் விடுவார்கள்.

ஒரு மாதம் எதையும் வெட்டாமல் பயன்படுத்துங்கள். அதற்குள் நீளம் நிலைத்துவிடும். அப்புறம் மிச்ச வாலை ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டி, வெட்டிய நுனியை லைட்டரில் லேசாகக் காட்டி உருக்கி, ஈரத்துணியால் பிடித்துத் தட்டையாக அழுத்திவிடுங்கள். வெறும் விரலால் அழுத்தாதீர்கள். உருகிய நைலான் ஒட்டிக்கொண்டு வரும், என் இடது கட்டைவிரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.